காத்திருப்பும் கலைப்படமும்: ஸ்ட்ரோம்மனிலிருந்து நோக்கும்போது பி.எஸ். வினோத்ராஜின் இரு திரைப்படங்கள்

முன்னுரை

தமிழ்த் திரைப்பட ஆய்வுகள் ‘ரசிகர்’ என்னும் சொல்லைப் பெரும்பாலும் நட்சத்திர நடிகரோடு இணைத்தே ஆண்டுவந்துள்ளன. ரசிகர் மன்றம், முதல்நாள் முதல் காட்சி, பாலாபிஷேகம் ஆகியவை பற்றிய ஆய்வுகள் பல உள்ளன. ஓர் இயக்குநரின் அடுத்த படத்திற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் சிறு தொகையினரான பார்வையாளர்கள் அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ 2011இல் வெளியானது. அவருடைய இரண்டாவது படமான ‘சூப்பர் டீலக்ஸ்’ வருவதற்கு 2019 வரை எட்டு ஆண்டுகள் சென்றன. ராமின் ‘ஏழு கடல் ஏழு மலை’ 2024 சனவரியில் ராட்டர்டாம் விழாவில் காட்டப்பட்டது. எனினும் அதற்குப்பின் அவர் எடுத்த ‘பறந்து போ’ 2025 சூலையில் அதனை முந்திக்கொண்டு திரையரங்குகளுக்கு வந்தது. இத்தகைய இடைவெளிகள் படத்தின் ஏற்பை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை வினோத்ராஜின் ‘கூழாங்கல்’, ‘கொட்டுக்காளி’ ஆகிய இரு படங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. நோக்குநிலையாகக் கொள்ளப்படுவது ஒஸ்லோவின் புறநகரான ஸ்ட்ரோம்மன்.

இருத்தலும் இரங்கலும்

காத்திருப்பை வகைப்படுத்துவதற்குத் தமிழ் மரபு தன்னிடமே கருவிகளை வைத்திருக்கிறது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இரண்டிலும் தலைவி காத்திருக்கிறாள். முல்லையில் தலைவன் குறித்துச் சென்ற பருவம் ஒன்று உண்டு. கார் வரும், அவனும் வருவான் என்பதால் அவள் ஆற்றியிருக்கிறாள். நெய்தலின் இரங்கலில் அத்தகைய உறுதி தளர்ந்துபோகிறது. பிரிவின் நீளத்தைவிட, மீட்சிக்குக் குறித்த காலம் உண்டா இல்லையா என்பதே இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்துகிறது. திரைப்படக் காத்திருப்புக்கும் இவ்வேறுபாடு பொருந்தும்.

நோர்வேஜிய இயக்குநர் யோகிம் திரியரின் ஒஸ்லோ முப்படங்களுள் முதலாவது 2006லும், இரண்டாவது 2011லும், மூன்றாவதான ‘உலகின் மிக மோசமான மனிதர்’ 2021லும் வெளிவந்தன. இறுதி இரு படங்களுக்கிடையே பத்தாண்டு இடைவெளி உள்ளது. ஆயினும் 2021 சூலையில் கான் விழாவில் ரெனாத்தே ரைன்ஸ்வேக்குச் சிறந்த நடிகை விருதைப் பெற்றுத்தந்த அப்படம், அக்டோபரில் நோர்வேத் திரையரங்குகளுக்கு வந்துவிட்டது. 2025 மே மாதம் கானில் கிராண்ட் பிரி வென்ற அவரது அடுத்த படமும் அவ்வாறே அவ்விலையுதிர் காலத்தில் ஊர் திரும்பியது. நோர்வேயில் 1913ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் காட்சி உரிமம் வழங்கும் அதிகாரத்தை நகராட்சிகளிடம் ஒப்படைத்தது; அதன்வழி நகராட்சித் திரையரங்குகள் என்னும் மரபு உருவாயிற்று. திரியரின் ரசிகரது காத்திருப்பு நீண்டதாயினும் பருவம் குறித்த காத்திருப்பு. அதனை முல்லை எனலாம்.

‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் ராட்டர்டாமில் புலி விருது பெற்றது. ஆஸ்கர் விருதுக்கான இந்தியாவின் அதிகாரபூர்வப் பரிந்துரையாகவும் தேர்வாயிற்று. பொதுப் பார்வையாளர் அதனைக் காண 2023 அக்டோபர் இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் அது வந்தது இணையத் திரைத்தளத்திற்கே. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் படம் எப்போது வரும், எவ்வழியில் வரும் என்பதற்கு ரசிகரிடம் விடை இருக்கவில்லை. இது நெய்தலின் காத்திருப்பு.

ஸ்ட்ரோம்மன் என்னும் நோக்குநிலை

1854இல் ஒஸ்லோவையும் எய்ட்ஸ்வோலையும் இணைத்த நோர்வேயின் முதல் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் ஸ்ட்ரோம்மன். 2020 முதல் லில்லெஸ்ட்ரோம் நகராட்சியைச் சேர்ந்தது. ஈழத்தமிழரின் நோர்வே வரலாறு 1956இல் குருநகரிலிருந்து அந்தோனி இராஜேந்திரம் வந்ததிலிருந்து தொடங்குகிறது. பின்னர் மக்கள் உயர்பள்ளிகளுக்குக் கற்கவந்தோர், வடகோடியான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் உழைத்தோர், போரினால் புகலிடம் நாடியோர் எனப் பல அலைகளாக அது விரிந்தது. வடக்கில் குடியேறியோர் பலர் காலப்போக்கில் ஒஸ்லோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் நோக்கி நகர்ந்தனர்.

இச்சூழலில் வாழும் தமிழ்ப் பார்வையாளருக்கு இருவகை வாயில்கள் உள்ளன. 1991இல் தொடங்கிய ‘தெற்கிலிருந்து திரைப்படங்கள்’ விழா ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கப் படங்களை ஒஸ்லோவிற்குக் கொணர்கிறது. 2010 முதல் நோர்வே தமிழ்த் திரைப்பட விழா தமிழ்ப் படங்களுக்கெனவே இயங்குகிறது. இரண்டும் விழாக்கள், ஆண்டில் சில நாட்களே நிகழ்பவை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வரும் நட்சத்திரப் படத்திற்கு வெளியீட்டு நாள் முன்கூட்டியே தெரியும். விருதுபெற்ற சிறுபடத்திற்கு அத்தகைய நாளே இல்லை. ஒரே வீட்டில் வாழும் இருவருள் நட்சத்திர ரசிகர் முல்லையிலும் கலைப்பட ரசிகர் நெய்தலிலும் இருக்கின்றனர்.

இதனை வசதிக்குறைவாக மட்டும் கருதவியலாது. படம் கண்ணில் படாத காலத்தில் அதன் புகழ் மட்டும் வளர்கிறது. பார்க்கப்படாத படம் ரசிகரின் மனத்தில் குறையற்றதாகிவிடுகிறது. அடுத்த படம் அந்தக் கற்பனைப் படத்தோடு போட்டியிட வேண்டியதாகிறது.

இரு காத்திருப்புகள் சந்தித்த அரங்கு

‘கூழாங்கல்’ வறண்ட மதுரை வட்டார நிலத்தில் நிகழ்கிறது. பிரிந்து சென்ற மனைவியை அழைத்துவர மகனை இழுத்துச் செல்லும் குடிகாரத் தந்தையும், அச்சிறுவனும் சுடுவெயிலில் நடந்தே திரும்புகின்றனர். தாகத்தை ஆற்றச் சிறுவன் கூழாங்கல் ஒன்றை வாயில் இட்டுக்கொள்கிறான். வீட்டில் அவன் சேர்த்துவைத்துள்ள கற்களோடு அதுவும் சேரும்போது, இந்நடை முதல்முறையானது அன்று என்பது சொல்லின்றிப் புலப்படுகிறது. இறுதியில் ஊற்றுக்குழியில் சுரக்கும் நீரைப் பெண்கள் சிறிது சிறிதாக முகந்து குடம் நிரப்புகின்றனர். பாலையின் கொடுமைக்கு நடுவே நீரும் குழந்தைமையும் அளிக்கும் சிற்றாறுதல் அங்கு உண்டு.

‘கொட்டுக்காளி’ 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் காட்டப்பட்டு, ஆகஸ்ட் 23இல் தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது. மாரி செல்வராஜின் ‘வாழை’யும் அதே நாளில் வெளியானது. பிற சாதி இளைஞனை விரும்பும் மீனாவைப் பேய்பிடித்தவளாகக் கருதிச் சாமியாடியிடம் ஆட்டோவில் அழைத்துச் செல்கிறது குடும்பம். அவளை மணக்கவிருக்கும் பாண்டியாகச் சூரியும் மீனாவாக அன்னா பென்னும் நடித்தனர். பின்னணி இசை இல்லை. மீனா ஏறத்தாழப் பேசுவதே இல்லை. சாமியாடி இன்னொரு பெண்ணை நடத்தும் விதத்தைக் கண்டு பாண்டி தயங்கி நிற்கும் இடத்தில், அவன் என்ன முடிவெடுத்தான் என்று சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது.

திரையரங்கில் இம்முடிவு பலரைக் குழப்பிற்று. இத்தகைய படத்தைத் திரையரங்கில் வெளியிடலாமா என்னும் விவாதமும் எழுந்தது. இவ்விவாதத்தைக் கலைப்படம், வணிகப்படம் என்னும் பழைய எதிர்வாகச் சுருக்குவது பொருந்தாது. அவ்வரங்கில் இருவேறு காத்திருப்புகள் அருகருகே அமர்ந்திருந்தன. ‘விடுதலை’, ‘கருடன்’ ஆகியவற்றின் சூரியை எதிர்பார்த்தோர் ஒரு சாரார். ‘கூழாங்கல்’லின் இயக்குநரை எதிர்பார்த்தோர் மறுசாரார். முதற்சாராரின் ஏமாற்றம் வெளிப்படையாகப் பேசப்பட்டது. மறுசாராரும் தம் எதிர்பார்ப்பைக் கைவிட வேண்டியிருந்தது என்பது அத்துணை பேசப்படவில்லை. முதற்படத்தின் ஊற்றுநீர் இரண்டாம் படத்தில் இல்லை. ‘கூழாங்கல்’லின் தந்தையை வெறுத்து ஒதுக்குதல் எளிது, பாண்டியின் தயக்கத்திலோ பார்வையாளர் தம் குடும்பத்தை, தம் சாதியைக் காண வேண்டியுள்ளது. விடை தராத முடிவு, காத்திருப்பைப் பார்வையாளரிடமே திருப்பிக் கொடுக்கிறது. பாண்டி திரும்புவானா என்னும் கேள்வி, கதைக்கு வெளியே, மீனாவைப் போன்ற பெண்களுக்கு அவர்தம் குடும்பங்கள் எப்போது திரும்பும் என்னும் கேள்வியாகிறது.

புலம்பெயர் சூழலில் இதற்கு மேலும் ஒரு பொருள் உண்டு. நோர்வேயில் பள்ளிபயின்ற தலைமுறைக்கு மதுரை வழக்குத் துணைவரியின்றி எளிதில் விளங்காது. மௌனத்தை மொழியாகக் கொண்ட இப்படங்கள் அத்தடையைப் பெருமளவு கடந்துவிடுகின்றன. சாதியும் திருமணமும் கடல்கடந்து உடன்வந்த பொருள்களாதலால், மீனாவின் மௌனம் ஸ்ட்ரோம்மன் வீட்டுக்கும் அந்நியமானது அன்று. கூடிப் பார்த்துக் கூடி விவாதிக்க வேண்டிய இத்தகைய படம், தனித்தனிக் கைப்பேசித் திரைகளில் காலந்தாழ்ந்து காணப்படுவதே உண்மையான இழப்பு.

முடிவுரை

கலைப்பட ரசிகரின் காத்திருப்பும் நட்சத்திர ரசிகரின் காத்திருப்பைப் போலவே முன்முடிவுகளைச் சுமந்தது. அதனைத் தூய்மையானதாகக் கருதவியலாது. அம்முன்முடிவைப் படம் உடைக்கும் கணத்தைக் கவனிப்பதே திறனாய்வின் பணி; ‘கொட்டுக்காளி’ அதற்குத் தக்க சான்று. காத்திருப்பின் தன்மையைப் படைப்பாளியின் தாமதத்தைவிட விநியோக அமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. திரியரின் பத்தாண்டு இடைவெளியை நோர்வேயின் திரையரங்கு அமைப்பு முல்லையாக வைத்திருந்தது. விருதுக்குப் பிந்தைய இரண்டரை ஆண்டு அமைதி ‘கூழாங்கல்’லை நெய்தலில் நிறுத்தியது. புலம்பெயர் திரைப்பட விழாக்கள் விருதளிப்பதோடு அமையாது, விருதுபெற்ற சிறுபடங்களுக்கு நாள்குறித்த திரையிடலையும் விவாத அரங்கையும் ஆண்டு முழுவதும் அமைத்துத் தருமாயின், ஸ்ட்ரோம்மனில் காத்திருப்போருக்கும் ஒரு கார்காலம் வாய்க்கும்.