கத்தரிப் பூவை அதிர வைக்கும் தேனீ

தேன் தருவதை வைத்தே தேனீயை மதிக்கிறோம். ஆனால் உலகில் அறியப்பட்ட சுமார் 20,000 தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை, தேனடை கட்டாதவை. மண்ணில் வளை தோண்டும் நீலப்பட்டைத் தேனீ அவற்றில் ஒன்று. அதன் அருமையை அறியக் கத்தரிப் பூவைப் பார்க்க வேண்டும். அதில் தேன் இல்லை. மகரந்தமும் குழல் போன்ற பைகளுக்குள் அடைபட்டு, நுனித் துளை வழியாகவே வெளிவரும். இத்தேனீ பூவை இறுகப் பற்றி, சிறகடிக்காமல், பறக்க உதவும் தசைகளை மட்டும் அதிர வைக்கிறது. மகரந்தம் அதன் உடலில் கொட்டுகிறது. தேனுக்காகப் பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை கைவராது.

கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்குமே, காற்று அசைத்தால் போதாதா என்று கேட்கலாம். காய்க்கும்தான். ஆனால் பூவை அதிர வைக்கும் தேனீக்கள் வந்துபோனால் காய்ப்பு கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, தேன் தராததால் பயனற்றது என்ற கணக்கு தவறு. இதன் கொடை நம் குழம்பில் இருக்கிறது. அது வளை தோண்ட, தோட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் மண்ணைக் கொத்தாமல் விடுங்கள். பூத்திருக்கும் செடிமீது பகலில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.