புடாபெஸ்ட் வாசித்த திருவாசகம்

இளையராஜாவின் திருவாசக இசைத்தட்டு 2005ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் சென்னையில் வெளியாயிற்று. அப்போது அதைப் பற்றி இரண்டு விதமான பேச்சுத்தான் காதில் விழுந்தது. தமிழன் மேல்நாட்டானை ஜயித்துவிட்டான் என்பது ஒன்று. திருவாசகத்தைக் கெடுத்துவிட்டான் என்பது மற்றொன்று. இரண்டு பேச்சிலும் தட்டை முழுக்கக் கேட்டதற்கான அடையாளம் அதிகமாக இல்லை. 2025 மார்ச்சில் அவருடைய ஸிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது, முதல் பேச்சு பழைய குரலிலேயே மறுபடியும் கிளம்பிற்று. ஜயம் யாருக்கு என்பதை விட்டுவிட்டுச் சங்கீதத்தைப் பார்க்கலாம் என்று பழைய தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நிதானமாக நாலைந்து தடவை கேட்டேன்.

முதலில் பெயர். உறையில் ஸிம்பொனி என்று போட்டிருக்கிறது. ஸிம்பொனி என்பது பெரும்பாலும் வாத்தியங்களுக்கென்றே எழுதப்படுவது. தெய்வ சம்பந்தமான ஒரு ஸாஹித்யத்தை எடுத்துக்கொண்டு, தனிக் குரலும் கூட்டுக் குரலும் வாத்தியக் குழுவுமாக, வேஷமும் நடிப்பும் இல்லாமல் பாடிக் காட்டுவதற்கு மேல்நாட்டார் ஒரடோரியோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1742இல் டப்ளினில் அரங்கேறிய ஹாண்டெலின் 'மெஸையா' அந்த ஜாதி. நம்மிடம் அதற்கு ஏறத்தாழ உறவு சொல்லக்கூடியது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. இதை வெறும் அகராதிச் சண்டை என்று தள்ளிவிடக் கூடாது. ஸிம்பொனி என்றால் வார்த்தை இல்லாமலே நிற்க வேண்டும். ஒரடோரியோவோ வார்த்தையால் நிற்கிறது, வார்த்தையால் விழுகிறது. இந்தத் தட்டையும் அந்த அளவுகோலால் அளப்பதுதான் நியாயம்.

வாசித்தது புடாபெஸ்ட் ஸிம்பொனி வாத்தியக் குழு. நடத்தியவர் லாஸ்லோ கோவாச். இடையே வரும் இங்கிலீஷ் வரிகளை எழுதியவர் அமெரிக்கரான ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். ஹாலிவுட்டின் ஆஸ்கார் பரிசை மூன்று தடவை வாங்கியவர். திருவாசகத்தின் ஐம்பத்தொரு பகுதிகளில் ஆறிலிருந்து பாட்டுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன: யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப் பத்து. இவற்றில் நாலு, தில்லையில் அருளியவை என்று பரம்பரையாகக் குறிப்பிட்டு வருபவை. பிடித்த பத்து தோணிபுரமாகிய சீகாழி. சிவபுராணம் மட்டும் தூரத்துத் திருப்பெருந்துறை. ஆகவே எங்கே வாசித்தாலும் இது சிதம்பரத்துச் சரக்குத்தான்.

கெடுத்துவிட்டார் என்று சொல்பவர்களின் பிரதான ஆட்சேபம், திருவாசகத்துக்கு மோகனம்தான் உரியது, ஓதுவார்கள் அப்படித்தான் பாடி வருகிறார்கள் என்பது. உண்மைதான். ஆனால் இந்த ஆட்சேபத்தைக் கடலூர் ஜில்லாவின் தெற்கு ஓரத்தில், லால்பேட்டையில் நின்றுகொண்டு யோசித்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் காட்டுமன்னார்கோயில். நாலாயிரத்தைத் தேடி எடுத்து அதற்கு இசை வகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர். சிதம்பரம் போகும் பக்கத்தில் திருநாரையூர். சோழராஜாவை அழைத்துக்கொண்டுபோய்த் தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை வெளியே கொண்டுவந்தார் என்று சொல்லப்படும் நம்பியாண்டார் நம்பியின் ஊர். ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. விருத்தாசலம் பக்கத்து எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுத்ததாகத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. மெட்டுத் தொலைந்துபோவதும், பின்னால் வந்த ஒருவர் உட்கார்ந்து மறுபடி மெட்டுப் போடுவதும் இந்தச் சீமைக்குப் பழக்கமான காரியம். மோகனமும் ஒரு காலத்தில் யாரோ போட்டதுதான். பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் வேறு மெட்டுப் போட்டதால் குடி முழுகிவிடாது.

இந்த விஷயத்தில் எனக்குத் தெளிவு கொடுத்தவர் லால்பேட்டையிலேயே கொடிக்கால் வைத்திருக்கும் ஒரு முதிய நண்பர். சிறு வயதில் அந்த ஊர் அரபி மதரஸாவில் ஓதியவர். தட்டை அவரோடு கூட உட்கார்ந்து ஒரு தடவை கேட்டேன். 'நாங்கள் குர்ஆனை ஓதுகிறோம் என்போம், பாடுகிறோம் என்று சொல்லமாட்டோம்' என்றார் அவர். 'குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் சரி, வாத்தியம் பக்கத்தில் வராது. உங்கள் கோயில்காரருக்கும் ஓதுவார் என்றுதானே பெயர் வைத்திருக்கிறீர்கள்? இவர் ஓதவில்லை ஐயா, பாடுகிறார். ஓதல் ஒரு பக்கம் இருக்கட்டும். இதைப் பாட்டாக வைத்துக்கொண்டு நல்ல பாட்டா, இல்லையா என்று பாருங்கள்.' சைவப் பண்டிதர்கள் பலர் பக்கம் பக்கமாக எழுதியும் தொடாத இடத்தை அவர் இரண்டு நிமிஷத்தில் தொட்டுவிட்டார். ஓதுவதற்கும் சிரமம் வந்த காலந்தான் இது. தட்டு வெளியாகி மூன்று வருஷம்கூட ஆகாத 2008 மார்ச்சில், சிதம்பரம் கோயிலின் சிற்றம்பல மேடையில் ஆறுமுகசாமி என்ற முதியவர் ஏறித் திருமுறை பாடுவதற்கு அரசாங்க உத்தரவும் போலீஸ் காவலும் வேண்டியிருந்தன. புடாபெஸ்டில் அதற்கெல்லாம் அவசியம் ஏற்படவில்லை.

சரி, நல்ல பாட்டா?

தட்டின் நடுநாயகம் சிவபுராணம். இருபது நிமிஷ அளவுக்கு நீள்கிறது. புல்லில் தொடங்கித் தேவர் வரையில் பிறவிகளை அடுக்கிக்கொண்டே போகிறார் மணிவாசகர். ஓதும்போது அந்த அடுக்கு ஒரே மூச்சில் போய்விடும். களைப்பு என்பது வார்த்தையில் இருக்கும், குரலில் இராது. இங்கே வாத்தியக் குழு அந்தப் பிறவிகளுக்கு நேரம் கொடுக்கிறது. தந்தி வாத்தியங்கள் கீழேயிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருகிற இடத்தில், எத்தனை காலம் இப்படி அலைந்தோம் என்ற அலுப்புக் கேட்கிறவன் உடம்பிலேயே ஏறுகிறது. ஒற்றைக் குரலாலோ ஒற்றைத் தம்பூராவாலோ இதைச் செய்ய முடியாது. வெளிநாட்டு வாத்தியக் குழு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஓர் இடமே பதில்.

அதே பாட்டில்தான் இங்கிலீஷும் வருகிறது. இங்கேதான் தட்டு சறுக்குகிறது. இங்கிலீஷ் வந்ததே குற்றம் என்று நான் சொல்லவில்லை. தம்முடைய எண்பதாவது பிறந்த நாளையொட்டி, 1900இல், போப்பையர் முழுத் திருவாசகத்தையும் இங்கிலீஷில் கொண்டுவந்திருக்கிறார். ஷ்வார்ட்ஸும் லேசான ஆள் அல்ல. 1971 செப்டம்பரில், வாஷிங்டன் கென்னடி கலா மண்டபத் திறப்பு விழாவில், லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் 'மாஸ்' அரங்கேறியது. லத்தீன் பூசை மந்திரத்தை எடுத்துக்கொண்டு இடையிடையே இங்கிலீஷ் சேர்த்திருப்பார்கள். அந்த இங்கிலீஷை பெர்ன்ஸ்டைனோடு சேர்ந்து எழுதிய இருபத்துமூன்று வயதுப் பையன் இதே ஷ்வார்ட்ஸ்தான். அந்த வருஷமே அது இசைத்தட்டாகவும் வந்தது. அங்கே லத்தீன் பாடி முடித்ததும் தெருப் பாடகர்கள் இங்கிலீஷில் குறுக்கே விழுந்து, எங்களுக்கு நம்பிக்கை வரவில்லையே, என்ன செய்ய என்று சண்டை பிடிப்பார்கள். சண்டை முற்றிப்போய்க் குருவே பூசைப் பாத்திரத்தைப் போட்டு உடைத்துவிடுவார். பழைய பாஷைக்கும் புதிய பாஷைக்கும் நடுவே வழக்கு நடக்கிறது. அதனால் இரண்டுக்கும் உயிர் இருக்கிறது.

திருவாசகத் தட்டில் இங்கிலீஷுக்கு வழக்கே இல்லை. தமிழ் சொன்னதற்குத் தலையை ஆட்டி, அதையே கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சொல்கிறது. மணிவாசகர் தம்மை நாயினும் கீழாகச் சொல்லிக்கொள்கிற போது அதில் ஒரு வெட்கமும், வெட்கத்துக்குள் ஒரு உரிமையும் இருக்கிறது. இங்கிலீஷில் அது, மனிதன் எளியவன், ஆண்டவன் பெரியவன் என்று எந்தப் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கும் பொருந்துகிற பொதுப் பேச்சாகிவிட்டது. குரல்களில் குற்றமில்லை, எழுத்திலும் இடறல் இல்லை. தேவைதான் இல்லை. திருவாதவூரரின் பிள்ளைத்தனமான பிடிவாதத்துக்கு, அமெரிக்கக் குரல் ஒன்று எதிர்க் கேள்வி போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்! போட வல்லவரையே கூப்பிட்டும் போடச் சொல்லவில்லை.

இதற்கு ஈடு கட்டுகிறது திருப்பொற்சுண்ணம். திருவாசகம் என்றால் ஒருவர் தனியே உட்கார்ந்து அழுவது என்று நாம் பழகிவிட்டோம். அதில் கணிசமான பகுதி பெண்கள் கூடி அம்மானை ஆடுவதும், ஊசல் ஆடுவதும், சுண்ணம் இடிப்பதும், விடியற்காலையில் ஒருத்தியை ஒருத்தி எழுப்புவதுமாக இருப்பதை மறந்துபோகிறோம். அந்தப் பாட்டுகளை ஓதுவார் தனிக்குரலில் பாடும்போது ஒரு பெரியவர் பத்துப் பெண்களுக்காகப் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. தட்டில் பெண் குரல்கள் சேர்ந்து வந்ததும், இத்தனை நாள் இது இல்லாமல் இருந்தோமே என்று தோன்றிவிடுகிறது. உலக்கை விழுகிற கதி பாட்டின் யாப்பிலேயே இருக்கிறது. இசையமைப்பாளர் அதைக் கண்டுகொண்டு விலகி நிற்கிறார்.

நம் ஊர்க் கோஷ்டிக்கும் மேல்நாட்டுக் கோரஸுக்கும் உள்ள வித்தியாசமும் இங்கே தெரிகிறது. காட்டுமன்னார்கோயில் வீதியில் பிரபந்த கோஷ்டி போகும்போது எத்தனை பேர் இருந்தாலும் ஸ்வரம் ஒன்று. அவரவர் குரல் மற்றவர் குரலில் கரைந்துபோக வேண்டும் என்பது அதன் தர்மம். கோரஸில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே, ஒருவர் குறுக்கே. பக்தியில் எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் உரல் ஒன்று, உலக்கை பல என்கிற காட்சிக்குக் கோரஸ் பொருந்துகிற அளவு கோஷ்டி பொருந்தாது.

யாத்திரைப் பத்து, கச்சேரி களைகட்டுகிற மாதிரி கம்பீரமான ஆரம்பம். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. திருக்கோத்தும்பியில் வண்டைத் தூது விடுகிற செல்லம் வாத்தியங்களின் கனத்தில் கொஞ்சம் நசுங்குகிறது. பிடித்த பத்தில் இளையராஜாவின் குரல், அழகான குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சற்றே மூக்கடைத்த, பாடிப் பயின்ற மெருகு இல்லாத குரல். அந்தப் பாட்டுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. ஒலிப்பதிவில் எனக்கு ஒரே குறை: தமிழ்க் குரலைச் சினிமாப் பாட்டில் போல முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, வாத்தியக் குழுவைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அத்தனை பேரை அழைத்து வாசிக்கச் சொன்ன பிறகு அவர்களையும் கூடத்தில் உட்கார வைத்திருக்கலாம்.

கடைசியாக அச்சப் பத்து. பாம்புக்கு அஞ்சவில்லை, இன்னும் எது எதற்கெல்லாமோ அஞ்சவில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, தில்லைக் கூத்தனிடம் அன்பில்லாதவரைக் கண்டால்தான் அம்மா, நடுங்குகிறேன் என்று முடியும் பாட்டு. உற்சாகமான நடை கொடுத்திருக்கிறார். அஞ்சாத பொருள்களுக்கு அந்த நடை சரி. பாம்பையும் புலியையும் கேலி செய்துகொண்டு போகலாம். நடுக்கம் வருகிற கடைசி அடியிலும் தாளம் அதே துள்ளலில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஓர் அடிக்காவது புடாபெஸ்ட்காரர்கள் வில்லைத் தூக்கிவிட்டு, குரலைத் தனியே விட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். லால்பேட்டை நண்பரும் அந்த இடம் வந்தபோது, 'பயப்படுகிறேன் என்கிறாரே, பயத்தைக் காணோமே?' என்றுதான் கேட்டார்.