யோபு பொறுமையாளனா?

யோபுவைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது யாக்கோபின் நிருபம் தொட்டு வரும் வழக்கம். 42 அதிகாரங்கள் கொண்ட அவ்வெபிரேய நூலில் அதற்கு இடந்தருவன முதலிரண்டு உரைநடை அதிகாரங்களே. 3ஆம் அதிகாரத்தில் செய்யுள் தொடங்கியதும் அவன் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். பின்னர்க் கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். இவனையா பொறுமையாளன் என்பது?

ஆறுதல் கூற வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் 7 நாள் வாய்திறவாது அவனுடன் தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நற்செயல் அஃதொன்றே எனலாம். வாய் திறந்ததும், துன்பம் வந்ததெனில் பாவம் செய்திருத்தல் வேண்டும் என்று கணக்கிடலாயினர். யோபு குற்றமற்றவன் என்பதை நூலின் தொடக்கத்திலேயே அறிந்துவிட்ட படிப்போருக்கு, கடவுளுக்காக வாதாடும் அச்சொற்கள் பொய்யாகவே ஒலிக்கின்றன. புலவனின் திறம் இங்கேதான் உள்ளது. எலிகூவின் நீண்ட பேச்சு இதனோடு மிகுதியாக எதையும் சேர்க்கவில்லை.

சுழற்காற்றினின்று பேசும் கடவுள் யோபுவை வினாக்களால் அடக்குகிறார். துன்பத்தின் காரணத்தைக் கூறவில்லை. ஆயினும் அவர் சினங்கொள்வது அந்த நண்பர்மேல்தான். தம்மைப்பற்றிச் செம்மையாகப் பேசியவன் யோபுவே என்கிறார்.

முடிவில் 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன. மக்களோ முன்போலப் பதின்மரே, இறந்தவர் மீளவில்லை.