சத்தியமும் பேரேடும்

தாம்பரத்தில் கோர்ட் வாசலில் அபிடவிட்டில் கையெழுத்துப் போட நிற்கிறவரிடம், உள்ளே என்ன எழுதியிருக்கு என்று கேட்டுப் பாருங்கள். "வக்கீல் சார் பாத்துக்குவாரு சார்" என்பார். அவர் சத்தியம் பண்ணுவது தன் பேச்சுக்கு அல்ல, இன்னொருவர் எழுதிய பிரதிக்கு. சொல்லுக்கும் எழுத்துக்கும் இடையிலான இந்த அதிகார உறவு பழையது.

இன்று பிளாட்டுகளாகிவிட்ட இந்த நிலங்களில் பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கற்பட்டு ஜில்லாவின் நெல் வயல்கள். கிஸ்தி கட்ட வியாபாரியிடம் முன்பணம், அறுவடையானதும் களத்துமேட்டில் மரக்கால் அளவு. எல்லாம் வாய்ப்பேச்சு. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும் இப்படிப்பட்ட விற்பனைக்குக் காகிதம் கேட்கவில்லை. ஆனால் தகராறு வந்தால்?

அதே வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 34-ம் பிரிவு, ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. அது மட்டுமே ஒருவன்மேல் கடனைச் சுமத்தப் போதாது என்றும் சொல்கிறது. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வியாபாரியே கூண்டேறி, 'இது என் பேரேடு, கணக்கு சரி' என்று சத்தியம் செய்தால் அந்தக் குறை தீர வழி பிறந்துவிடுகிறது. குடியானவனிடம் இருப்பது ஞாபகம் மட்டும். என்ன தேதி என்று கேட்டால், "தை அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடிங்க" என்கிறான். குறுக்கு விசாரணையில் கிழிபடுவது அந்த ஞாபகம்தான். இந்தப் பிரிவு 2023-ம் வருஷச் சட்டத்திலும் 28-ம் பிரிவாகத் தொடர்கிறது.

1873-ம் வருஷத்துச் சத்தியப் பிரமாணச் சட்டம் வேறொரு வழி திறந்தது. "அவன் கோயில்ல சூடம் அணைச்சுச் சொல்லட்டும், நான் கட்டுப்படறேன்" என்று ஒரு தரப்பு சொல்லலாம். எதிராளி அப்படியே செய்துவிட்டால் அவன் சொன்னதே முடிந்த முடிவு. மண்ணின் வழக்காற்றுக்குச் சட்டம் தந்த மரியாதை என்று நம்மில் சிலர் இதைக் கொண்டாடக்கூடும். கொஞ்சம் நிதானமாக வாசிப்போம்.

மூன்றாம் நபரைப் பாதிக்கும் சத்தியம் கூடாது என்கிறது சட்டம். அதாவது ஏழையிடம் இருக்கிற ஆகக் கனமான சத்தியம், பிள்ளை தலைமேல் அடிக்கிற சத்தியம், செல்லாது. சத்தியம் செய்ய மறுத்தாலோ, மறுப்பும் அதன் காரணமும் பதிவாகும். சந்தேகம் மறுத்தவன்மேல்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கோயிலுக்குள் யார் போக முடியும்? சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல். அதுவரை சன்னிதியில் சத்தியம் என்றால், சேரிக்காரன் தெருவில் நிற்க எதிராளி உள்ளே போய்ச் சொல்வது என்றுதான் அர்த்தம். 1969-ல் புதுச் சட்டம் வந்து இந்த ஏற்பாட்டை நீக்கியது.

இதற்கும் கீழே ஒருவன் இருந்தான். 1891-ல் செங்கற்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கையில் வரும், கடனால் மிராசுதாரனோடு கட்டிப்போடப்பட்ட படியாள். அவனுக்கு விற்க விளைச்சலே இல்லை. வழக்கு எங்கிருந்து வரும்?

அப்படியானால் குடியானவனின் சொல்லை யாருமே நம்பியதில்லையா? ஒரு தடவை நம்பினார்கள். வரி வசூலில் நடந்த சித்திரவதையை விசாரிக்க 1854-ல் சென்னையில் ஒரு கமிஷன் அமைந்தது. அண்ணாந்தாள், கிட்டி என்று அனுபவித்ததைச் சொல்ல ஏறத்தாழ 2,000 புகார்கள் வந்தன. தொலைதூர ஜில்லாக்களிலிருந்து, வேறு வேறு மொழி பேசுகிறவர்கள், ஒரே மாதிரி கொடுமையைச் சொல்கிறார்கள். இவர்கள் கூடிப்பேசிப் பொய் சொல்ல முடியாது என்று கமிஷன் கருதியது. 1857-ல் மார்க்ஸ் தன் பத்திரிகைக் கட்டுரையில் எடுத்தாண்டது இந்த அறிக்கையைத்தான்.

வித்தியாசம் இங்கேதான். சிவில் வழக்கு ஒவ்வொரு குடியானவனையும் தனியாகக் கூண்டில் ஏற்றுகிறது. தனியாக நிற்கிற சொல் பேரேட்டிடம் தோற்கிறது. சேர்ந்து நிற்கிறபோது அதே சொல் ஆவணமாகிவிடுகிறது.

வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருப்பதைத்தான் அந்தக் கமிஷன் குறை சொன்னது. 2020-ம் வருஷத்து விளைபொருள் வணிகச் சட்டமோ, விற்பனைத் தகராறுகளை சிவில் கோர்ட்டிலிருந்து எடுத்து வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் தந்தது. விவசாயிகள் ஒரு வருஷத்துக்கும் மேல் டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். 2021-ல் அது ரத்தானது. அங்கேயும் ஜெயித்தது சேர்ந்து நின்ற சாட்சியம்.

பழைய தீர்ப்புகளை வாசிக்கிற நாம் யார் ஜெயித்தது என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். தோற்றவர்களின் வாக்குமூலங்களை ஒன்றாக அடுக்கி வாசித்தால் என்ன? கோர்ட் வாசலில் நிற்கிறவரிடமும், காகிதத்தை வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று முதலில் கேட்போம்.