நடுகல் இருக்கிறது, ஊர் எங்கே?

தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் ஏரிக்கரையிலும் கொல்லைமேட்டிலும் நடுகற்கள் நிற்கின்றன. பெரும்பாலானவை ஆநிரை கவர வந்தவர்களோடு மோதி மாண்டவர்களுக்காக எடுக்கப்பட்டவை. அவற்றில் பல இன்று தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு வந்துவிட்டன. கல்லை ஊரைவிட்டுப் பெயர்ப்பது தகுமா என்று நெடுநாளாகக் கேட்டுவருகிறோம். பெயர்த்து வந்தபின் அதை எப்படி வைக்கிறோம் என்பதை அதைவிடக் கறாராகக் கேட்க வேண்டும்.

கொண்டுவந்ததில் நியாயம் உண்டு. சாலை அகலமாகும்போது முதலில் புரள்வது ஓரத்துக் கல்தான். துவைகல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் போனவை பல. வேடியப்பன் என்று கும்பிடப்படும் கற்களிலும் எண்ணெயும் வண்ணப்பூச்சும் எழுத்தை மூடிவிடுகின்றன. கூரையின் கீழ் வந்தபின் அழிவு நிற்கிறது. சிதறிக் கிடந்தவை அருகருகே நிற்கும்போது வட்டெழுத்தின் வளர்ச்சியும், வீரனின் காலடியில் செதுக்கிய கெண்டி, சிமிழ் போன்ற வழக்கங்களும் ஒரே பார்வையில் பிடிபடுகின்றன. தனிக்கல் தராத அறிவு இது.

சறுக்கல் பெயர்ப்பலகையில் தொடங்குகிறது. சிறு நகர அருங்காட்சியகங்கள் பலவற்றில் "நடுகல், பல்லவர் காலம்" என்பதோடு பலகை முடிந்துவிடும். கல் சொல்வதோ எவ்வளவு! திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொள்வோம். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல் அது. வில்லும் குறுவாளுமாக அவன் நிற்க, பின்னால் ஒரு நாய். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் இருந்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. இதில் அரசன் வருவது ஆண்டுக் கணக்குக்கு மட்டும். செய்தி முழுவதும் எருமைக்காரனுடையது, நாயினுடையது. அரச மரபை மட்டும் எழுதி நிறுத்தும் பலகை, உள்ளூர் வரலாற்றை வைத்துக்கொண்டே அரசர் வரலாற்றைச் சொல்கிறது.

இன்னொரு குறை தூரம். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்கள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆநிரை கவர்தலைப் பேசும் மிகப் பழைய கல் அவற்றில் உண்டு. ஆய்வாளருக்கு அது நல்ல இடம். ஆனால் புலிமான்கோம்பைப் பள்ளிப் பிள்ளை தன் ஊர்க் கல்லைப் பார்க்க மாவட்டங்கள் தாண்டிப் போக வேண்டும்.

பலகையில் நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள் என்பார்கள். உண்மைதான், நாற்பது கல்லுக்கும் நாற்பது பத்தி எழுதினால் ஒருவரும் படிக்கமாட்டார்கள். அத்தனைக்கும் வேண்டாம். எல்லாக் கல்லுக்கும் கிடைத்த ஊர், நின்ற இடம், மாண்டவர் பெயர் என மூன்று தகவல் போதும். நான்கைந்து கற்களுக்கு மட்டும் கல்வெட்டின் செய்தியை இன்றைய தமிழில் முழுதாக எழுதலாம். கல் புறப்பட்ட ஊரின் பள்ளியில் அதன் மைப்படி ஒன்றைச் சட்டமிட்டு மாட்டலாம். இவற்றுக்குப் புதுக் கட்டடமோ பெருந்தொகையோ தேவையில்லை.

ஆக, பெயர்த்து வந்ததைக் குற்றம் என்று சொல்லமாட்டேன். பல கற்கள் பிழைத்ததே அதனால்தான். காப்பாற்றியதோடு கடமை முடிந்தது என்று இருப்பதுதான் குறை. மாண்டவன் பெயரும் ஊரும் மறக்கப்படக் கூடாது என்பதற்காகவே நட்ட கல்லின் பலகையில், அந்த இரண்டையும் விட்டுவிட்டுக் காலத்தை மட்டும் சொல்வது பாதிப் பாதுகாப்புதான்.