வருவாயும் வயிறும்

“எல்லாரையும் உள்ளடக்கிய வாணிகம்” என்னும் தொடர் இக்காலப் பொருளாதார எழுத்துகளில் அடிக்கடி வழங்குகிறது. ஏழைக் குடியானவரை ஒதுக்காது, விளைபொருள் தருவோராகவும் தொழிலாளராகவும் வாங்குவோராகவும் நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் நிறுவனமும் வளரும், வறுமையும் நீங்கும் என்பது இதன் கருத்து. கருத்து நன்றே. ஆயினும், வருவாய் உயர்ந்தால் வயிறும் தானே நிரம்பும் என்று பலர் கொள்ளும் முடிபு ஆராய்தற்குரியது.

1996-இல் உரோமில் கூடிய உலக உணவு மாநாடு, எல்லா மக்களுக்கும் எக்காலத்தும் போதிய, சத்துள்ள உணவு கிட்டுவதையே உணவுப் பாதுகாப்பு என்றது. ‘எக்காலத்தும்’ என்ற சொல் இங்கு உற்று நோக்கத்தக்கது.

ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டைச் சான்றாகக் கொள்வோம். அங்கே கொக்கோ விளைவிப்போர் பெரும்பாலும் சிறு குடியானவர்கள். இளங்கன்றுகளுக்கு நிழலாக வாழையும் சேம்பும் நடுவர். அப்போது அந்நிலமே வீட்டுக்கும் உணவளிக்கிறது. சில ஆண்டுகளில் கொக்கோ தழைத்து நிழல் மூடியதும் அப்பயிர்களுக்கு இடமில்லை. பின்னர் உணவை விலைகொடுத்தே வாங்க வேண்டும். பெரும்பருவ அறுவடையோ அக்டோபரில் தொடங்கிச் சில மாதங்களில் முடிந்துவிடும். அடுத்த பருவம் வருமுன் கைப்பணம் கரைய, கடன்பட்டு உலையேற்றும் வீடுகள் உள. விற்ற பணம் பெரும்பாலும் ஆடவர் கையில் சேர்கிறது. அடுப்பெரிக்கும் பொறுப்போ பெண்டிர்மேல் நிற்கிறது.

விலையை உயர்த்தினால் போதாதோ எனலாம். 2019-இல் கானாவும் ஐவரி கோஸ்ட்டும் கொக்கோ டன்னுக்கு 400 அமெரிக்க வெள்ளி கூடுதலாகக் கேட்டன. 2020-21 பருவத்தில் அது நடப்புக்கு வந்தது. வேண்டிய முயற்சியே. எனினும், பணம் எப்போது வருகிறது, யார் கைக்கு வருகிறது, எந்த உணவு நிலத்தை இழந்து வருகிறது என்னும் மூன்று வினாக்களுக்கு விலை மட்டும் விடையாகாது.

இதனால் வாணிகத்தையே வெறுக்க வேண்டுவதில்லை. பணப்பயிர் இன்றேல் மருந்துக்கும் பள்ளிக்கும் பணம் ஏது? ஒப்பந்தம் செய்யும் நிறுவனம், உணவுப்பயிருக்கு ஒரு பகுதி நிலத்தை விட்டுவைக்கட்டும். பணத்தை ஆண்டு முழுதும் தவணையாகத் தரட்டும். பெண்டிர் பெயரையும் கணக்கில் ஏற்றட்டும்.

‘உள்ளடக்குதல்’ என்ற சொல்லுக்குள் ‘அடக்குதலும்’ இருப்பதைத் தமிழாசிரியர் அறிவர். ஏழையைச் சேர்த்துக்கொண்டோமா, அடக்கிவைத்தோமா என்பதை நிறுவனத்தின் ஆண்டறிக்கை காட்டாது. பஞ்ச மாதத்தில் அவன் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை வேளை உண்டனர் என்பதே காட்டும்.