நியாண்டர்தால் எலும்பும் அந்தமான் அளவுகோலும்

2022-இல் ஸ்வாந்தே பேபோவுக்கு நோபல் பரிசு கிடைத்த பிறகு நம் நண்பர்கள் மத்தியிலும் அந்தப் பேச்சு வந்துவிட்டது: 'நம்ம உடம்புலயும் ரெண்டு சதவீதம் நியாண்டர்தால் இருக்காமே!' கலப்பில்லாத ரத்தம் என்று எதுவும் கிடையாது என்பது இனத்தூய்மைக்காரர்களைத் தவிர எல்லோருக்கும் உவப்பான சேதி, எனக்கும்தான். ஆனால் இந்தச் சதவீதம் யாரை யாரோடு வைத்து அளந்து வந்தது, அளவுகோலாக யாரை நிறுத்தினார்கள் என்று யாரும் கேட்கக் காணோம். நியாண்டர்தால் பற்றிய அறிவியல் எழுத்தை ஒரு பிரதியாக வைத்து வாசிக்க உட்கார்ந்தால் திரும்பத் திரும்பக் காலில் இடறுவது அந்தக் கேள்விதான்.

1856 ஆகஸ்டில் ஜெர்மனியின் டுசல்டார்ஃபுக்குப் பக்கத்தில், நியாண்டர் பள்ளத்தாக்கில், சுண்ணாம்புக்கல் வெட்டிய கூலித் தொழிலாளர்கள் குகைச் சேற்றோடு வாரிப்போட்ட எலும்புகள் இவை. குகைக்கரடியுடையது என்று நினைத்தார்கள். ஃபூல்ராட் என்ற பள்ளி ஆசிரியர் கைக்குப் போனதால் தப்பின. (பள்ளத்தாக்குக்குப் பெயர் தந்த யோவாகிம் நியாண்டரின் பாட்டன், 'நாய்மான்' என்ற தன் ஜெர்மன் குடும்பப் பெயரைக் கிரேக்கமாக்கிக்கொண்டவர். இரண்டுக்கும் பொருள் 'புதிய மனிதன்'. இதில் அர்த்தம் தேட ஆரம்பித்தால் கட்டுரை முடியாது, விடுவோம்.) 1814-இல் நெப்போலியனைத் துரத்தி வந்த ரஷ்யப் படையில் இருந்து ஓடிப்போன கசாக் குதிரைவீரனாக இருக்கும் என்றார் அகஸ்ட் மேயர். 1872-இல் விர்ஷோ, நோயால் கோணிய எலும்பு என்றார். நோயாளியாக இருக்கலாம், கிழக்கத்தியானாக இருக்கலாம். ஐரோப்பியனின் பாட்டனாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

பெயர் வைத்தவர் வில்லியம் கிங். அயர்லாந்தில் கால்வே நகரக் கல்லூரியில் நிலவியல் பேராசிரியர். 'ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ்' என்பதை முன்வைத்த அவருடைய கட்டுரை 1864-இல் அச்சானது. அதைப் பெயர்சூட்டு விழாவுக்காக மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் கடைசிப் பகுதியை மெதுவாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிங்குக்கு முக்கிய ஆதாரம் மண்டையோட்டின் மேல்மூடி. மனிதனுக்கே உரிய ஆற்றல்கள் உயர்ந்த குவிமாடமாக மண்டையில் வெளித்தெரியும் என்பது அவர் கணக்கு. இந்த மண்டையிலோ குவிமாடம் தாழ்ந்து கிடக்கிறது. சரி, எவ்வளவு தாழ்ந்தால் மனிதன் இல்லை? இங்கேதான் அந்தமானியரைக் கூப்பிடுகிறார். அவர்கள் படைத்தவனைப் பற்றி மிக மங்கலான எண்ணமே உள்ளவர்கள். அறவுணர்வில் புத்திசாலி மிருகங்களுக்குச் சற்றே மேல். ஆனாலும் மண்டை மனித மண்டை, ஆகவே மனிதர்கள். இதைவிடக் கீழான ஓர் உள்ளத்தைக் கற்பனை செய்யவே முடியாது, அதற்கடுத்தது விலங்கின் இருள்தான் என்கிறார். நியாண்டர்தால் மண்டையில் குரங்குச் சாயல். ஆகவே அந்த இருளுக்குள் தள்ளு. அடிக்குறிப்பில் இன்னும் ஒரு படி போய், இது தனி இனம் மட்டுமல்ல, மனிதனில் இருந்து வேறான தனிப் பேரினமாகவே இருக்கலாம் என்று சாய்கிறார்.

இந்தத் தர்க்கத்தில் அந்தமானியர் ஆய்வுப்பொருள்கூட இல்லை. 'மனிதன்' என்ற வீட்டின் கடைசிப் படி அவர்கள். வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட பாவனையில் வாசற்படியாகப் போட்டு மிதிப்பது. நியாண்டர்தால் வெளியே போக வேண்டுமென்றால் யாராவது வாசலில் கிடந்தாக வேண்டுமே.

காலத்தையும் பார்க்கணும். 1857 எழுச்சியின் கைதிகளை அடைக்க 1858-இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு வந்தது. 1859-இல் வில்லும் அம்புமாக வந்து மோதிய அந்தமானியர் அபர்தீன் சண்டையில் தோற்றார்கள். 1863-இல், அதாவது கிங் இந்தப் பெயரை நியூகாஸில் கூட்டத்தில் வாசித்த அதே வருஷம், ராஸ் தீவில் அவர்களை நாகரிகப்படுத்த 'இல்லம்' திறந்தார்கள். சிபிலிஸும் தட்டம்மையும் மீதியைப் பார்த்துக்கொண்டன. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர்.

ஹக்ஸ்லி நல்லவர், 1863-லேயே நியாண்டர்தாலை மனித எல்லைக்குள் வைத்தார். எப்படி? ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் மண்டைகளோடு ஒப்பிட்டு. முடிவு வேறு, அளவுகோல் வாங்கிய கடை ஒன்றுதான்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. 1908-இல் பிரான்சில் லா ஷபேல்-ஓ-சேனில் கிடைத்த கிழவனை மார்செலின் பூல் முழங்கால் மடங்கிய, தலை தொங்கிய மிருகமாக்கினார். 1957-இல் ஸ்ட்ராஸும் கேவும் எலும்பைத் திரும்ப எடுத்துப் பார்த்து, ஆளுக்கு மூட்டுவாதம் என்றார்கள். குளிப்பாட்டி, சவரம் பண்ணி, சட்டை மாட்டி நியூயார்க் சுரங்கரயிலில் ஏற்றிவிட்டால் யாரும் பெரிதாகக் கவனிக்கப்போவதில்லை என்று கேலியும் செய்தார்கள்.

இலக்கியம் இதை இரண்டு வருஷம் முன்பே செய்துபார்த்திருந்தது. வில்லியம் கோல்டிங்கின் 'தி இன்ஹெரிட்டர்ஸ்' (1955) லாக் என்ற நியாண்டர்தாலின் கண்வழியே நகர்கிற நாவல். தன்மேல் எய்யப்பட்ட அம்பு அவனுக்குப் பக்கத்து மரத்தில் திடீரென்று முளைத்த குச்சி. 'கொலை' என்ற சொல்லே இல்லாத ஒரு பார்வையை மொழிக்குள் கொண்டுவந்த பக்கங்கள் அவை. முடிவை நெருங்கும்போது விவரிப்பு சட்டென்று விலகி நின்றுகொண்டு லாக்கை 'அது' என்று சொல்லத் தொடங்குகிறது. கிங் ஒரு கட்டுரை முழுக்க மெனக்கெட்டதைக் கோல்டிங் ஒரு சுட்டுப்பெயரில் காட்டிவிடுகிறார். ஆனால் லாக்கின் அப்பழுக்கற்ற குழந்தைமை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஐரோப்பியக் குற்றவுணர்வுக்கு மிருகம் அலுத்துப்போன பிறகு ஒரு குழந்தை வேண்டியிருக்கிறது. அவனுக்குச் சூதுவாது, சுயநலம் இருந்தால் என்ன குறைந்துபோகும்?

எல்லாமே கட்டமைப்பு என்று சொல்லிவிட்டு எழுந்து போகவும் முடியாது (நம் கோட்பாட்டாளர்களுக்கு அந்தச் சோம்பல் உண்டு). எலும்பு எதிர்த்துப் பேசுகிறது. 1997-இல் பேபோவின் குழு தாய்வழி டிஎன்ஏவைப் பிரித்தபோது அதில் நம்மோடு கலந்ததற்கான தடயம் இல்லை. 2010-இல் அதே ஆட்கள் ஜீனோம் வரைவை வெளியிட்டு, ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களிடம் 1 முதல் 4 சதவீதம் நியாண்டர்தால் இருக்கிறது என்றார்கள். கையில் இருந்த தரவு தள்ளிக்கொண்டு போன இடம் அது. இன்னொரு பக்கம், குரோஷியாவின் க்ராபினாவில் தோண்டியெடுத்த கழுகு நகங்கள் நூறு வருஷத்துக்கு மேல் அருங்காட்சியகப் பெட்டியில் கிடந்தன. அவற்றில் வெட்டுத்தடம் இருக்கிறது, நகையாக அணிந்திருக்கலாம் என்று எழுதியது 2015-இல். நியாண்டர்தால் ஐரோப்பியனின் சொந்தக்காரன் என்று உறுதியான பிறகுதான் அவன் நகை போட்டது, ஓவியம் தீட்டியது எல்லாம் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அளவுகோலுக்கு வருவோம். 2010-க்குப் பிறகு 'ஆப்பிரிக்கர்களிடம் நியாண்டர்தால் இல்லை' என்பது பாடப்புத்தக உண்மை மாதிரி ஆகிவிட்டது. கணக்குப் போட்ட முறையோ இது: ஆப்பிரிக்க ஜீனோமை 'கலப்பில்லாதது' என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, மற்றவர்களை அதோடு ஒப்பிட்டார்கள். இல்லை என்று வைத்துக்கொண்டு தேடினால் எங்கிருந்து தெரியும்? 2020-இல் பிரின்ஸ்டனின் ஜோஷுவா ஏகி குழு அந்த அனுமானத்தைக் கைவிட்டுத் தேடியபோது ஆப்பிரிக்கர்களிடமும் சுமார் 0.3 சதவீதம் கிடைத்தது. ஐரோப்பா பக்கமிருந்து ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போனவர்கள் வழியாகவும் அது போயிருக்கிறது. ஆப்பிரிக்காவில் இருந்து கிளம்பியவர்கள் ஒருபோதும் திரும்பவில்லை என்ற கதையாடல் ஆய்வுமுறைக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது.

அதே 2020-இல், கொரோனாவைத் தீவிரமாக்கும் ஒரு மரபுத்துண்டு நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்று ஸீபர்கும் பேபோவும் காட்டினார்கள். தெற்காசியர்களில் பாதிப்பேரிடம் அது உண்டு, ஐரோப்பியர்களில் 16 சதவீதத்தினரிடம்தான். ஆய்வு தவறு என்று சொல்லவில்லை. ஆனால் பிரிட்டனில் பங்களாதேஷ் வம்சாவளியினர் அதிகம் செத்ததற்குப் பேருந்து ஓட்டியதும் நெருக்கடியான வீடும் காரணம் என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் 50,000 வருஷப் பழைய பாட்டன் வந்து உட்கார்ந்துகொண்டான். இந்தியத் தரவுகளை வைத்து 2021-இல் வந்த ஆய்வு ஒன்று, தெற்காசியர்களிடம் அந்தத் துண்டுக்கும் நோய்த்தீவிரத்துக்கும் தொடர்பு காணவில்லை என்றது. அது எத்தனை பேர் காதில் விழுந்தது? அந்த வருஷம் நம் ஆஸ்பத்திரி வாசல்களில் ஆக்சிஜன் இல்லாமல் செத்தவர்களுக்கு எந்த ஜீனைக் காட்டுவது?

கடைசியாக ஒன்று. இந்திய மக்களின் கலப்பைக் கணக்கிட்டு, ஹைதராபாத் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை செப்டம்பர் 2009-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. 25 குழுக்கள். வடக்கத்திய மூதாதை ஒன்று, தெற்கத்திய மூதாதை ஒன்று. எல்லாச் சாதியும் இரண்டின் கலவை. தெற்கத்திய மூதாதை கலப்பில்லாமல் இன்று யாரிடமும் இல்லை. அதற்குத் தூரத்துச் சொந்தமாக, மற்றதில் கலக்காதவர்களாக, கணக்குக்குத் துணை நின்றவர்கள் லிட்டில் அந்தமானின் ஓங்கேக்கள். நம் தொன்மையைச் சதவீதத்தில் பேசி மார்தட்டும்போதெல்லாம் அந்தச் சதவீதத்துக்கு அடியில் அவர்கள் ரத்தம் இருக்கிறது. கிங் காலத்தில் மனிதனை அளக்க, இப்போது நம்மை அளக்க. அந்தக் கட்டுரை வருவதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2008 டிசம்பரில், டுகாங் கிரீக் கரையில் ஒதுங்கிய ஒரு கலனில் இருந்ததைச் சாராயம் என்று குடித்து எட்டு ஓங்கே ஆண்கள் செத்துப்போனார்கள். அவர்களே மொத்தம் நூறு பேர் சொச்சம்தான்.